பீட்டரா, குவேஸியா, கமலாவா?

பகலில் பள்ளிக்கூடம், இரவில் முகமூடி. இந்த வகைக் காமிக்ஸில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வளரும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் எதை வாங்கித் தரலாம்?

பலர் பீட்டர் பார்க்கர் என்பார்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-ல் படைத்த ஸ்பைடர்மேன். பெரியப்பா சாவுக்குத் தானே காரணம் என்ற உறுத்தல், பெரியம்மா மே உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார் என்ற பயம். தன்னைத் தானே படமெடுத்துப் பத்திரிகைக்கு விற்றுத்தான் வீட்டுச் செலவைச் சமாளிக்கிறான். அந்தப் பணக் கஷ்டம் இன்றும் பழசாகவில்லை. ஆனால் வீட்டில் அவன் மண்ணைத் தூவ வேண்டியது ஒரே ஒருவர் கண்ணில்தான்.

குவேஸி நம் நாட்டுப் பையன். லோயிசோ ம்கிசே 2014-ல் தொடங்கிய தொடர். கதை நடக்கும் கற்பனை நகரமான கோல்ட் சிட்டியில் ஜோஹன்னஸ்பர்க் வாடை வீசும். ஆனால் பத்தொன்பது வயதுக் குவேஸி சக்தியை மறைப்பதைவிட, சமூக ஊடகத்தில் காட்டிக்கொள்ளவே ஆசைப்படுகிறான். இரட்டை வாழ்க்கையின் தவிப்பை இதில் தேட வேண்டாம்.

என் தேர்வு கமலா கான். ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைய, 2014-ல் வந்த மிஸ் மார்வல். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன் என்று எல்லார் கண்ணும் அவள் மேல்தான். தொடக்கமே கடையில் பன்றி இறைச்சியை வாங்காமல், மோந்து மட்டும் பார்க்கும் காட்சி. புரட்டாசி விரதத்தில் பக்கத்துப் பிள்ளை மட்டன் ‘பன்னி சாவ்’ பொட்டலத்தை (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பியது) பிரிக்கும்போது ஏங்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சக்தி வந்ததும் அவள் முதலில் எடுக்கும் உருவம் அவள் ஆராதிக்கும் நாயகியான, பொன்னிற முடியுள்ள வெள்ளைக்காரக் கேப்டன் மார்வல். முடி முகத்தில் விழுகிறது, பூட்ஸ் கடிக்கிறது. நினைத்தபடி மாறியும் நிம்மதியில்லை. இந்தியர்களை நிறம் பார்த்து ஒதுக்கிக் குடியேற்ற உருவான ஊர் சாட்ஸ்வொர்த். இங்கே வளரும் பெண்பிள்ளை இந்தப் பக்கங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். கமலா பிறகு தன் முகத்தோடேயே, புர்கினியை (உடலை மூடும் நீச்சலுடை) மாற்றித் தைத்த உடையில் கிளம்புகிறாள்.

2015-ல் உலகமே அழியும் கட்டத்தில் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வருகிறாள். அம்மா முனீபாவுக்கோ அது முன்பே தெரியும். பீட்டர் கதையில் ஆண்டுக்கணக்காக இழுபட்ட விஷயத்தை ஒரு தாய் இங்கே ஒரே அணைப்பில் முடித்துவைக்கிறாள். முதல் தொகுதியோடு நிறுத்திவிடாமல் அதுவரை வாங்கிக் கொடுங்கள். வீட்டு அம்மாக்களும் படியுங்கள்.