விளிம்பைக் காட்டாத ஏலம்: பழைய நாணயச் செயலியில் என் அனுபவம்

ராணிப்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர், 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருப்பதாகப் படங்களை அனுப்பி, நான் நெடுநாளாகப் பயன்படுத்தும் அந்தச் செயலியை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே பகிர்கிறேன். பதிவு செய்வது, ஏலம் கேட்பது, தரகுத் தொகை ஆகியவை இந்தப் பழக்கம் உள்ள எல்லோருக்கும் தெரிந்தவை. என் குறை ஒன்றே ஒன்றுதான்: அந்தச் செயலியில் காசின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடம் உண்டு, காசின் தடிப்பு தெரியும் பக்கவாட்டு விளிம்புக்கு இடமில்லை. போலியைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியதே விளிம்பு.

நண்பர் கேட்ட காசையே எடுத்துக்கொள்வோம். 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிதானது. 1938ஆம் ஆண்டுக் காசும் 1940க்குப் பிந்தைய காசுகளும் அப்படியல்ல. ஆகவே ஆண்டின் இலக்கங்களைத் திருத்தும் ஆசை வருவது இயல்பு. எட்டின் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் அது ஒன்பதாகிவிடும். சுரண்டிய இடத்தைச் சுற்றியுள்ள தளம் லென்ஸின் கீழ் வேறு பளபளப்புடன் தெரியும். செயலி சுருக்கிக் காட்டும் படத்தில் அதைப் பார்க்க வழியில்லை. 1940க்குப் பிந்தைய காசைத் திருத்தியிருந்தாலோ விளிம்பே காட்டிக்கொடுத்துவிடும். 1939 வரை ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது, விளிம்பில் வெறும் நேர்வரிகள்தாம். 1940இல் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு வந்தது. ஒரே ஒரு படம் போதும், ஐயம் பாதி தீர்ந்துவிடும். அந்த ஒரு படத்தைத்தான் கேட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

தராசின் மேல் காசை வைத்து எடையைக் காட்டும் படத்தைப் பல விற்பனையாளர்கள் போடுகிறார்கள். ரூபாயின் எடை 11.66 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது. ஜெர்மன் சில்வர் என்னும், வெள்ளியே கலக்காத உலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.6 கிராம் அளவில் இருக்கும். பழைய ரூபாய் வெள்ளியின் அடர்த்தி 10.3ஐ ஒட்டி இருக்கும். எனவே அதே குறுக்களவில் அதே எடையை எட்ட வேண்டுமானால் போலிக்காசு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தடித்திருக்க வேண்டும். அந்தத் தடிப்பு தெரிவதும் விளிம்பில்தான். காந்தம் இங்கே உதவாது, இரண்டுமே அதில் ஒட்டுவதில்லை. காசு கைக்கு வந்த பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டுப் பார்க்கலாம்: நல்ல ரூபாய் 1.13 கிராம் அளவுக்கு எடை குறையும், ஜெர்மன் சில்வர் 1.35 கிராம் அளவுக்குக் குறையும். வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைக்கு வழியில்லாததால்தான் விளிம்புப் படத்துக்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வேலூர்ப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு ஆற்காட்டு ரூபாயின் மேல் தனிப் பற்று உண்டு, எனக்கும் உண்டு. பாலாற்றங்கரை ஊரின் பெயரைத் தாங்கிய இந்தக் காசைச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அச்சிட்டார்கள். தாமரைக் குறி இருந்தால் சென்னை, பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி. கம்பெனியின் காசுகளில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டு, அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் மாறாமல் பொறிக்கப்பட்டு வந்ததால், ஆண்டை வைத்துக்கொண்டு உண்மையா பொய்யா என்று சொல்லிவிட முடியாது. சம்மட்டியால் அடித்த பழைய காசின் விளிம்பில் வெள்ளி பிளந்த வெடிப்புகள் கூர்மையாகத் தெரியும். வார்த்தெடுத்த போலியில் அந்த வெடிப்புகள் மழுங்கி அடைபட்டிருக்கும். வார்ப்பின் இரு பாதிகளும் சேர்ந்த கோடோ, அதை மறைக்க அரத்தால் தேய்த்த தடமோ சுற்றிலும் ஓடும். வெள்ளியைச் சோதித்துச் சராப்புகள், அதாவது காசு மாற்றும் வணிகர்கள், குத்திய முத்திரைகளின் ஓரமும் இவ்வாறே மழுங்கியிருக்கும்.

இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, கம்பெனியின் பெயரோடு 1616, 1818 என்று ஆண்டும் போட்டு வரும் அணாக் காசுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை. அவை எந்த விலைக்கும் வேண்டாம்.

செயலியின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேலூர் லாங் பஜாரில் எத்தனை கடை ஏறினாலும் கண்ணில் படாத பிறைக் குறி ரூபாய்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. முடிந்த ஏலங்களின் படங்களும் விலைகளும் அழிக்கப்படாமல் இருப்பதால், ஒரே காசின் படம் வேறு வேறு விற்பனையாளர் பெயரில் மறுபடி வருவதைத் தேடிப் பிடிக்க முடிகிறது. என்னிடம் உள்ள மிக நல்ல ஆற்காட்டு ரூபாயை, கேட்ட மறுநாளே விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து அனுப்பிய ஒரு விற்பனையாளரிடம் அந்தச் செயலி வழியாகத்தான் வாங்கினேன்.

ஆனால் சென்ற ஆண்டு வேறொருவர் அனுப்பிய விளிம்புப் படத்தைச் சரிபார்த்து நான் வாங்கிய ரூபாய்க்குப் பதிலாக வேறொரு காசு வந்து சேர்ந்தது. விளிம்பில் வார்ப்புக் கோடு தெளிவாக இருந்தது. புகார்ப் படிவத்திலும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு படங்களுக்கு மட்டுமே இடம் இருந்தது! குற்றம் தெரியும் இடத்தைக் காட்டவே முடியாத படிவத்தை வைத்துக்கொண்டு குற்றத்தை நிரூபிக்கச் சொன்னார்கள். வாரக்கணக்கில் எழுதிய பிறகு பணம் முழுவதுமாகத் திரும்ப வந்தது என்பது உண்மை, அதற்கு நன்றி. அந்தப் படிவம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஆகவே, இவ்வளவு நன்மைகளைச் சொன்ன பிறகும், அந்தச் செயலியை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. நண்பருக்கு என் பதில் இதுதான்: 1939 ரூபாயின் விளிம்பை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்பும்படியும், இலக்கங்களை மட்டும் நெருக்கமாகக் காட்டும்படியும் விற்பனையாளரிடம் இன்றே கேளுங்கள். ஏலம் முடிவதற்குள் அந்தப் படங்கள் வராவிட்டால் விலை கேட்காதீர்கள்.