டெக்குக்கு அடியில் நுழைந்து பார்த்த காண்ட்ராக்டர்

அம்மா டெக்கில் நாற்காலியிலிருந்து எழும்போது ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்தார். அது அவரோடு சேர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. நல்ல வேளையாக அவர் விழவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டின் பின்சுவரை ஒட்டி, தரையிலிருந்து நாலடி உயரத்தில், திறந்தவெளித் திண்ணை மாதிரி நிற்கும் மர டெக் அது. பிள்ளைகள் பாதி நேரம் அங்கேதான் இருப்பார்கள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அதன் அடியில் என்ன நிலைமை என்று நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

மறுநாளே மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டேன். முதலாமவர் மேலே நின்றபடி இரண்டு பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பலகைய மாத்தி பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார். இரண்டாமவர் வந்த வேகத்தில், மொத்தத்தையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அடியில போக வழி எங்க இருக்கு?" டார்ச்சையும் ஒரு கூரான ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனவர், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

வெளியே வந்தவர் என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பொருத்திய நீளமான கட்டை ஒன்று இருக்கிறது. அதை லெட்ஜர் என்கிறார்கள். டெக்கின் எடையில் ஏறக்குறைய பாதியை அதுதான் சுமக்கிறது. எங்கள் லெட்ஜரை வெறும் ஆணி அடித்தே நிறுத்தியிருந்தார்கள். ஒரு போல்ட்கூட இல்லை. அதன் மேல் விளிம்பில் மழைநீரைத் தள்ளிவிடும் தகடும் இல்லை. அதனால் வருஷக்கணக்காகக் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அவர் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினார். நனைந்த அட்டைக்குள் போவது போல ஓர் அங்குலம் இறங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு நேர் மேலேதான் பிள்ளைகள் குதித்து விளையாடுவார்கள்.

"டெக் விழறது பெரும்பாலும் பலகை உடைஞ்சு இல்லைங்க, சுவர்ல இருந்து இது கழண்டுதான்" என்றார். ஆணி கீழ்நோக்கிய எடையை ஓரளவு தாங்கும். வெளிப்பக்கமாக இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நிறையப் பேர் ஒரே நேரத்தில் நின்று அசையும்போது டெக் அப்படித்தான் இழுபடுகிறது. மேலே பலகை பளபளவென்று இருந்தாலும் இது வெளியே தெரியாது. முதலாமவர் சொன்னபடி பெயிண்ட் அடித்திருந்தால் அந்த உளுத்த கட்டையின் மேலேயே நாங்கள் இன்னும் சில வருஷம் உட்கார்ந்திருப்போம்.

உங்கள் வீட்டில் டெக் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் பாருங்கள். லெட்ஜர், தூண்களின் அடிப்பாகம், படிக்கட்டு மண்ணைத் தொடும் இடம், கைப்பிடித் தூண் சேரும் மூலை ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். குறுக்குச் சட்டங்களைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளில் துரு இருக்கிறதா, ஆணித் துளை ஏதாவது காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் டெக்கில் ஒரு தாங்கியில் பாதித் துளைகள் காலி.

அவர் கொடுத்த கொட்டேஷன் நான்கு பக்கம். என்ன மரம், எத்தனை போல்ட், என்ன கனம் என்று எல்லாம் எழுதியிருந்தது. லெட்ஜருக்கு அரை அங்குல போல்ட், சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது. அது ஏன் என்று கேட்டேன். வீட்டு வேலைக்கான மரம் உளுக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றுவது அமெரிக்காவில் 2003 முடிவோடு பெரும்பாலும் நின்றது. இப்போது மரத்தில் ஏற்றும் மருந்தில் தாமிரம் அதிகம், அது சாதாரண இரும்பை வேகமாக அரித்துவிடும், அலுமினியத் தகட்டையும் விடாது என்றார். பழைய மரத்தை அறுக்கும்போது அவருடைய ஆட்கள் முகமூடி போட்டிருந்தார்கள். துண்டுகளில் ஒன்றைக்கூட எரிக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருந்து ஏற்றிய பழைய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் விஷம் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கொட்டேஷனில் இருந்த ஒரு வரி. பிரித்த பிறகு உள்ளே இன்னும் உளுத்த மரம் தெரிந்தால், ஓர் அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை எழுதியிருந்தார். உண்மையிலேயே சுவரை ஒட்டி மேலும் ஆறடி கெட்டுப் போயிருந்தது. படம் எடுத்துக் காட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கை வைத்தார். பேரம், சண்டை எதுவும் இல்லை. முன்பணம் சிறிய தொகைதான். மீதியை வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுத்தேன், கடைசித் தவணை கட்டட அலுவலக இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. கட்டட வேலைக்கான பெர்மிட்டை அவர் பெயரிலேயே வாங்கினார். "பெர்மிட்ட நீங்களே வாங்கிக்குங்க" என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். பொறுப்பு நம் தலையில் வந்து விழும். அவருடைய இன்சூரன்ஸ் சான்றிதழையும் அவர் கையால் தரவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்தே எனக்கு நேராக வந்தது.

அப்புறம் அந்தக் கைப்பிடி. பழைய தூண்களின் அடியைப் பாதியாகச் செதுக்கி, ஓரப் பலகையில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டிருந்தார்கள். இவர் முழுத் தூணையே வைத்து, ஊடுருவும் போல்ட் போட்டு, உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தோடு இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்டினார். அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றும் ஐஆர்சி என்ற வீடு கட்டும் விதித்தொகுப்பின்படி, தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த டெக்குக்குக் குறைந்தது 36 அங்குல உயரத் தடுப்பு வேண்டும். கம்பிகளுக்கு நடுவில் 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. குழந்தையின் உடம்பு அதற்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவு. ஊருக்கு ஊர் விதி மாறும், உங்கள் பகுதிக் கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பழைய இடைவெளி ஆறு அங்குலம். கடைக்குட்டி அதில் தலையை விட்டு எட்டிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் வேலையை ஆரம்பித்தார். மழை காரணம் என்றாலும் நான் இரண்டு முறை போன் செய்த பிறகே பதில் வந்தது. மருந்து ஏற்றிய மரத்தை அறுத்தால், அறுத்த முனையில் மருந்து பூச வேண்டும், ஏனென்றால் நடுப்பகுதி வரை அது இறங்கியிருக்காது. சில முனைகளை அவருடைய ஆள் அப்படியே விட்டிருந்தார். நான் கேட்டதும் மறு பேச்சில்லாமல் வந்து பூசினார், சரி, ஆனால் நான் கவனித்திருக்காவிட்டால்? புல்லில் ஸ்க்ரூக்களும் கிடந்தன. காந்தம் வைத்துப் பொறுக்கச் சொன்னேன். ஒரு டப்பா நிறைய வந்தது. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடம் என்பதால் இதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

புதுப் பலகைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்தபோது தண்ணீர் தேங்குமே என்று பயந்தேன். மரம் இன்னும் ஈரம், காய்ந்தால் சுருங்கித் தானாக வழி விடும் என்றார். இரண்டு மாதத்தில் அப்படியே ஆனது. பாலீஷையும் உடனே அடிக்கவில்லை. பலகை மேல் தண்ணீரைத் தெளித்து, முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இழுத்துக்கொண்டால்தான் அடிக்கலாமாம். போன வாரம் அம்மாவே ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். இழுத்துக்கொண்டது. பாலீஷுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அவரையே வரச் சொல்லியிருக்கிறேன்.