ஃப்ளாகை மாற்றினால் ஏபிஐ உடையலாமா? நான்கு தடுப்புகள், ஓர் அலசல்

கம்பைலர் எரர் இல்லை. ஃபைல்களை இணைக்கும் லிங்கரும் வாயைத் திறக்கவில்லை. போர்டில் ஏற்றி ஓட்டினால், ஃபில்டரிலிருந்து வரும் எண்கள் எல்லாம் 0.000000. சில வருடங்களுக்கு முன் ஆர்ம் குடும்பத்து கார்டெக்ஸ்-எம்4 சிப்பில் ஒரு மோட்டார் கன்ட்ரோல் வேலை பார்த்தபோது என் இரண்டு நாட்களைத் தின்ற கோளாறு இது. காரணம் ஒரே ஒரு ஃப்ளாக்: பழைய புராஜெக்டில் ‘சாஃப்ட்எஃப்பி’ என்றிருந்த ஃப்ளோட்-ஏபிஐயைப் புதியதில் ‘ஹார்ட்’ என்று மாற்றியிருந்தேன். ஏபிஐ என்றால் இங்கே ABI, API அல்ல: தனித்தனியாகக் கம்பைல் ஆன கோடுகள் ஒன்றையொன்று அழைக்கும்போது எதை எங்கே வைப்பது என்ற ஒப்பந்தம்.

அந்த ஃபில்டர் கையால் எழுதிய அசெம்பிளி, அதாவது சிப்பின் கட்டளைகளை நேரடியாக எழுதிய கோடு. மூன்று ஆர்க்யுமென்ட் வாங்கும்: பஃபரின் முகவரி, கெயின் என்ற மிதவை எண் (தசமப் புள்ளி உள்ள எண்), எத்தனை சாம்பிள் என்ற முழு எண். சாஃப்ட்எஃப்பி முறையில் இவை வரிசையாக ஆர்0, ஆர்1, ஆர்2 என்ற ரிஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன அறைகளில்) உட்காரும். ஹார்ட் முறையில் மிதவை எண்ணுக்குத் தனி இடம் உண்டு. கெயின் எஸ்0 என்ற மிதவை ரிஜிஸ்டருக்குப் போய்விடும், காலியான ஆர்1-இல் சாம்பிள் எண்ணிக்கை வந்து உட்காரும். அழைப்பவன் புதுக் கணக்குப்படி வைத்தான், அசெம்பிளி பழைய கணக்குப்படி எடுத்தது. கெயின் என்று நினைத்து அது ஆர்1-இலிருந்து எடுத்தது 64 என்ற முழு எண்ணை. அந்த பிட்டுகளை அப்படியே மிதவை எண்ணாகப் படித்தால் சுமார் 9 × 10⁻⁴⁴. அதால் எதைப் பெருக்கினாலும் திரையில் பூஜ்ஜியம்தான். எண்ணிக்கைக்கு ஆர்2-இல் முன்னால் எவனோ விட்டுப்போன எச்சம். அது சின்ன எண்ணாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

இதில் இன்னொரு வேடிக்கை. சந்தேகப்பட்டு, அழைக்கும் இடத்தில் பிரின்ட்எஃப் போட்டுக் கெயினைப் பார்த்தேன். அழகாக 0.5 என்று காட்டியது. பழைய சாஃப்ட்எஃப்பி லைப்ரரியின் பிரின்ட்எஃப் ஆக இருந்தாலும் அப்படியேதான் காட்டியிருக்கும். ஆர்ம் விதிப்படி, எத்தனை ஆர்க்யுமென்ட் வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஃபங்ஷன்களுக்கு ஹார்ட் முறை பொருந்தாது. அங்கே மிதவை எண்ணும் சாதாரண ரிஜிஸ்டரிலேயே போகும். பிரின்ட்எஃப் சரியாக வருகிறது என்பதை வைத்து ஏபிஐ சரி என்று முடிவு கட்ட முடியாது.

சரி, இதை யார் தடுத்திருக்க வேண்டும்? இரண்டு கேள்விகளை ஒரே ஃப்ளாகில் கட்டிப்போட்டதுதான் சிக்கலின் வேர். எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்பது ஒரு கேள்வி. அது அந்தந்த ஃபைலின் சொந்த விஷயம். ஆர்க்யுமென்ட்டை எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி. அது இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். ஆர்மின் மூன்று மதிப்புகளைப் பாருங்கள். ‘சாஃப்ட்’ என்றால் மிதவைக் கட்டளையே கிடையாது. ‘சாஃப்ட்எஃப்பி’ என்றால் கட்டளை உண்டு, ஆனால் எண்ணைக் கொடுத்து வாங்குவது சாதாரண ரிஜிஸ்டரில். ‘ஹார்ட்’ என்றால் இரண்டுமே மிதவைப் பக்கம். முதல் இரண்டையும் தாராளமாகக் கலக்கலாம், மூன்றாவதைச் சேர்த்தால் போச்சு. ஃப்ளாகின் பெயரைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

முதல் வழி ஆர்ம் வைத்திருக்கும் காவல்: கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைலில் குத்தும் முத்திரை. 28-ஆம் எண் கொண்ட ஒரு குறிப்பு, இந்த ஃபைல் எந்த முறைப்படி ஆர்க்யுமென்ட் வாங்குகிறது என்று சொல்லும். இணைக்கும்போது லிங்கர் அதை ஒப்பிட்டு, ‘இந்த ஃபைல் விஎஃப்பி (மிதவை) ரிஜிஸ்டரில் வாங்குகிறது, அது வாங்கவில்லை’ என்று நிறுத்திவிடும். எம்பெடட் வேலை பார்க்கும் எல்லோரும் இந்த வரியை ஒருமுறையாவது திட்டியிருப்பார்கள். உண்மையில் திட்டக்கூடாத வரி அது. ஆனால் முத்திரையைக் குத்துவது கம்பைலர். கையால் எழுதிய அசெம்பிளியில் நாமே எழுதினால்தான் உண்டு. முத்திரையே இல்லாத ஃபைலை குனு லிங்கர், ‘இதில் மிதவை எண் சமாச்சாரமே இல்லை போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு உள்ளே விட்டுவிடும். என் ஃபில்டர் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. சி ஃபைல்களுக்கு நல்ல காவல். எனக்கு எங்கே தேவைப்பட்டதோ அங்கே ஓட்டை.

இரண்டாவது வழி சமரசம்: உலகம் முழுக்க சாஃப்ட்எஃப்பி என்று வைத்துக்கொள், உடைய வழியே இல்லை. 32-பிட் ஆர்மில் ஆண்ட்ராய்டு இந்தப் பக்கம்தான் நின்றது. நடுவில் ஹார்ட் முறைக்கென்று ஒரு தனி வகையை, சி/சி++ எழுதுவோருக்கான என்டிகே கருவித் தொகுப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். சிஸ்டம் லைப்ரரிகளோ பழைய முறையிலேயே இருந்தன. அதனால் கணித லைப்ரரிக்கு ஒரு தனிப் பிரதி, ஹெடர்களில் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் ஒட்டு என்று வேலை பெருகியது. பிறகு அந்த வகையையே எடுத்துவிட்டார்கள்.

சமரசத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு அழைப்பிலும் எண் மிதவைப் பக்கத்திலிருந்து சாதாரணப் பக்கத்துக்கும், அங்கிருந்து திரும்பவும் நகர வேண்டும். கார்டெக்ஸ்-ஏ8-இல் மிதவைப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பை இந்தப் பக்கம் கொண்டுவர ஏறக்குறைய 20 சைக்கிள் காத்திருக்க நேரும். உள்ளே ஒரே ஒரு பெருக்கல் செய்யும் ஃபங்ஷனுக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டெபியன் லினக்ஸ் இந்தக் கூலியைக் கொடுக்க மறுத்து, சாதாரண ரிஜிஸ்டர் முறையில் இருந்த பழைய ஆர்மெல் பதிப்புக்குப் பக்கத்திலேயே ஹார்ட் முறையில் ஆர்ம்எச்எஃப் என்று எல்லாப் பேக்கேஜையும் புதிதாகக் கட்டி, 2013-இல் டெபியன் 7-உடன் வெளியிட்டது. அதற்கு ஆர்ம்வி7 வேண்டும். முதல் ராஸ்ப்பெர்ரி பை போர்டில் இருந்ததோ அதற்கு முந்தைய ஆர்ம்வி6. அந்தச் சின்ன போர்டுக்காக மொத்தத்தையும் மறுபடி கட்டி உருவானதுதான் ராஸ்பியன்.

இரண்டு உலகமும் கலக்காமலிருக்க, புரோகிராமை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் டைனமிக் லோடரின் பெயரையே பிரித்தார்கள். ஹார்ட் முறைக்காரனின் பெயரில் ‘ஆர்ம்எச்எஃப்’ ஒட்டிக்கொண்டிருக்கும். தவறான உலகத்து புரோகிராமை ஓட்டினால் தொடங்கவே தொடங்காது. ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று மட்டும் சொல்லும். கண்ணெதிரே ஃபைல் இருக்கும். இல்லாதது அதன் லோடர். செய்தி மகா மோசம், தடுப்பு மகா கெட்டி. தப்பான விடையோடு ஓடுவதைவிட ஓடாமலிருப்பது எனக்கு எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் குடும்பத்தின் வழி. ஆர்ம் பட்டதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று தெரிகிறது. கேள்விகள் இரண்டு, ஃப்ளாகும் இரண்டு. ‘ஆர்ச்’ எந்தக் கட்டளைகள் என்று சொல்லும். ‘ஏபிஐ’ எங்கே வைப்பது என்று சொல்லும்: எல்பி64 என்றால் சாதாரண ரிஜிஸ்டர், எல்பி64எஃப் என்றால் ஒற்றைத் துல்லிய எண்கள் மட்டும் மிதவை ரிஜிஸ்டரில், எல்பி64டி என்றால் இரட்டைத் துல்லியமும் சேர்த்து. மிதவைக் கட்டளைகளைச் சேர்த்துவிட்டு ஏபிஐயை எல்பி64 என்றே விட்டால் அது சாஃப்ட்எஃப்பி மாதிரி, ஒன்றும் உடையாது. மாறாக, இரட்டைத் துல்லியக் கட்டளைகளைத் தரும் டி நீட்சியே இல்லாத ஆர்ச்சோடு எல்பி64டி கேட்டால் ஜிசிசி கம்பைலர் அங்கேயே எரர் கொடுத்து நின்றுவிடும். ஃபைலின் ஈஎல்எஃப் தலைப்பிலும் (தொடக்கத்தில் உள்ள தகவல் பகுதி) இரண்டு பிட்டில் ஏபிஐ பதிவாகும். சாஃப்ட்டையும் டபுளையும் சேர்க்க லிங்கர் சம்மதிக்காது. எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பிட்டுகளை வைப்பது அசெம்பிளரே என்பது. கையால் எழுதிய ஃபைலும் முத்திரையில்லாமல் தப்பாது. ஆனால் முத்திரை சொல்வது கமாண்ட் லைனில் என்ன கொடுத்தோம் என்பதைத்தான். பழைய அசெம்பிளியைப் புது ஏபிஐ ஃப்ளாகோடு மறுபடி அசெம்பிள் செய்தால், பொய் முத்திரை ஒன்று தயார். என் கதை ரிஸ்க்-ஃபைவிலும் நடந்திருக்கும்.

பிசிக்களில் இருக்கும் எக்ஸ்86-64 பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மிதவை எண் எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டரில்தான் என்று ஏபிஐ எழுதிவைத்துவிட்டது. அந்த ரிஜிஸ்டர்களைக் கையாளும் எஸ்எஸ்இ கட்டளைகளை அணைத்துவிட்டு மிதவை எண்ணைத் திருப்பித்தரும் ஃபங்ஷன் எழுதினால் ஜிசிசி எரர் கொடுக்கும். எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் அடித்தளத்தில் சாஃப்ட்-ஃப்ளோட்டை இயக்கினாலோ, எண் சத்தமில்லாமல் சாதாரண ரிஜிஸ்டருக்கு இடம் மாறிவிடும்.

எல்எல்விஎம்மின் மேல் நிற்கும் ரஸ்ட் மொழியை உறுத்தியது அந்தச் சத்தமில்லாத மாற்றம்தான். அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஒவ்வொரு டார்கெட்டுக்கும் (எந்தச் சிப், எந்தச் சூழல் என்ற இலக்கு) முன்கூட்டியே கம்பைல் ஆகி வருகிறது. நாம் ஃப்ளாகை மாற்றினால் மாறுவது நம் கோடு மட்டும்; லைப்ரரி பழைய ஒப்பந்தத்திலேயே நிற்கும். பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்தும் ‘அன்சேஃப்’ என்று ஒரு எழுத்துகூட எழுதாதவனுக்கு நினைவகக் கோளாறு வரலாம் என்றால், அந்த மொழி கொடுத்த வாக்கே பொய்யாகிவிடும். ஆகவே அவர்கள் எடுத்த வழி, நம் கணக்கில் நான்காவது, தடை: ஏபிஐ டார்கெட்டின் பெயரோடு பிறக்கிறது, ஃப்ளாகால் அதைத் தொடக்கூடாது. கார்டெக்ஸ்-எம்4-க்கு பெயர் முடிவில் ‘எச்எஃப்’ உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு டார்கெட். எச்எஃப் இல்லாததில் மிதவைக் கட்டளைகளை இயக்கிக்கொள்ளலாம். ஆர்க்யுமென்ட்டின் இடம் மாறாது. எக்ஸ்86-64-இல் எஸ்எஸ்இ-யை அணைத்தால், இந்த டார்கெட்டின் ஏபிஐக்கு அது அவசியம் என்று எச்சரிக்கை வரும். இது பின்னாளில் எரராகும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். மிதவை ரிஜிஸ்டரே வேண்டாம் என்கிற கெர்னல் மாதிரி வேலைக்கு, சாஃப்ட்-ஃப்ளோட்டை அடிப்படையாகக் கொண்ட தனி டார்கெட்டுக்குப் போக வேண்டும். இதில் எரிச்சல் உண்டு. புதிதாக ஒரு சேர்க்கை வேண்டுமானால் டார்கெட்டையே வரையறுத்து, கோர் லைப்ரரியிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும்.

நாளைக்கே புதிதாக ஒரு சிப் குடும்பத்துக்கு விதி எழுதச் சொன்னால் ரிஸ்க்-ஃபைவைத்தான் காப்பியடிப்பேன். எல்லோரும் லைப்ரரியை பைனரியாக வாங்கும் இடமென்றால் ரஸ்ட்டின் தடை. ஆனால் என் மேசையில் இருந்தது ஆர்மும் சியும். எனவே எனக்குக் கிடைத்தது ஃபங்ஷன் மட்டத்து ஒட்டு. ஹெடரில் அந்த ஃபில்டரின் அறிவிப்புக்குப் பக்கத்தில் ‘பிசிஎஸ்’ என்ற ஆட்ரிபியூட்டில் ‘ஏஏபிசிஎஸ்’ என்று எழுதினேன். புராஜெக்ட் முழுக்க ஹார்ட்டாக இருந்தாலும் இந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் பழைய முறையில் அழை என்று அதற்குப் பொருள். டிஸ்அசெம்பிளியைத் திறந்து பார்த்தேன். அழைப்புக்கு முன்னால் கெயின் ஆர்1-க்கும், 64 ஆர்2-க்கும் போய்க்கொண்டிருந்தன. மோட்டார் சுற்றியது. அப்புறம் அந்த அசெம்பிளி ஃபைலின் தலையில் 28-ஆம் முத்திரையை எழுதப் போனேன். மிதவை எண் உண்டு, வாங்குவது பழைய முறை என்று உண்மையை முழுதாக எழுதினால் ஹார்ட் புராஜெக்டில் லிங்கர் நிறுத்திவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒட்டை வைத்துக்கொண்டு, முத்திரையை எழுதாமலே விட்டேன். மேலே ஒரு கமென்ட் மட்டும் இருக்கிறது.