பழைய பைக்கின் முன்பக்கம்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

பழைய பைக் வளைவில் அலைகிறது, பிரேக் பிடித்தால் மூக்கைத் தரையில் குத்துகிறது என்றதும் பலர் தேடுவது நவீன பந்தய பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலே இருக்கும் முன் சஸ்பென்ஷன்). நான் அந்தக் கட்சி இல்லை.

முதலில் கழுத்தை, அதாவது ஹேண்டில் திரும்பும் மூட்டைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது, நேர்நிலையில் அது பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், கோன் செட்டில் (கழுத்தில் இருக்கும் பேரிங் கிண்ணங்களில்) குண்டுகள் தடம் பதித்துவிட்டன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ஒவ்வொரு குழியின் அடியும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. புதிய குண்டுகளா, டேப்பர் ரோலர் பேரிங்கா? குண்டு புள்ளியாகத் தொடும், உருளை கோடாகத் தொடும். அடி பரவிவிடுவதால் ரோலரில் தடம் பதிய நாளாகும். ஆனால் நட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும், மெதுவாகப் போகையில் வண்டி இடமும் வலமுமாகத் தள்ளாடும். எடை குறைந்த வண்டிக்குப் புதிய கோன் செட்டும் நல்ல கிரீஸுமே போதும். கனமான வண்டி என்றால் தயங்காமல் ரோலர் போடுவேன்.

அடுத்தது ஃபோர்க். ஆயில் டேம்பிங் (ஆயிலால் துள்ளலை அடக்குவது) கொண்ட, குழாய்க்குள் குழாய் நழுவும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குடன் பி.எம்.டபிள்யூ ஆர்12 வந்தது 1935இல். பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது எளிய டேம்பர் ராட் (துளையிட்ட உள்குழாய்) அமைப்பு. நிலையான துளை வழியே ஆயில் பாய்வதுதான் அதன் குறை. ஃபோர்க் அமுங்கும் வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால்தான் பிரேக்கில் தொபுக்கென்று இறங்கும் அதே ஃபோர்க், கூரான குழியில் கல்லாக இறுகிக் கையைப் பதம் பார்க்கிறது. கெட்டியான ஆயில் முதலாவதைக் குறைத்து இரண்டாவதை மோசமாக்கும். ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் போடுவது அதைவிட மேல். ஏறி உட்கார்ந்ததும் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும்.

இரண்டு குறைகளையும் ஒன்றாகத் தீர்ப்பது எமுலேட்டர் வால்வு. ராடின் தலையில் அமரும் இது, திடீர் அடியில் தானே திறந்து வழிவிடும். ராடின் துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் அசல் ராடைப் பத்திரமாக வைத்துவிட்டு வேறொன்றில் துளையிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி அப்படியே இருக்கும். எனக்கு இதுதான் பிடித்த வழி.

முழு ஃபோர்க்கையே மாற்றுவோர் டிரெயிலை மறந்துவிடுகிறார்கள்: கழுத்தின் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் அது. கழுத்துச் சாய்வு 27 டிகிரி, சக்கர ஆரம் 330 மி.மீ., ஆஃப்செட் (கழுத்தின் அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி நிற்கும் தூரம்) 55 மி.மீ. என்றால் டிரெயில் சுமார் 106 மி.மீ. அதே சக்கரத்துடன் 30 மி.மீ. ஆஃப்செட் கொண்ட நவீன கிளாம்பைப் (ஃபோர்க் குழாய்களைக் கழுத்தோடு பிடிக்கும் தகடு) பூட்டினால் 134 ஆகிவிடும், ஹேண்டில் கனக்கும். ஆரம் 300 மி.மீ. உள்ள சிறிய சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால் 119. புதிய ஃபோர்க் குட்டையாக இருந்து முன்பக்கம் தாழ்ந்தால் சாய்வும் மாறி இந்தக் கணக்கே கலைந்துவிடும். போதாக்குறைக்கு, ஹேண்டிலை முழுதாக ஒடித்தால் குழாய்கள் டேங்கில் இடிக்கவும் கூடும்.

நல்ல டிஸ்க் பிரேக் வேண்டும் என்பதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் அது நியாயமான காரணம். அப்போதும் கிளாம்பைப் பழைய ஆஃப்செட்டுக்கே கடைந்து வாங்குங்கள்.