துபாய்–சென்னை: குறைமாதக் குழந்தைக்கான ஏர் ஆம்புலன்ஸில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வளைகுடாவில் பிறந்த குறைமாதக் குழந்தையை ஊருக்குக் கொண்டுவர மூன்று விதமான சேவைகள் கிடைக்கின்றன. தனி ஜெட்டில் இன்குபேட்டர் பொருத்தி, டாக்டரும் நர்ஸும் உடன் வருவது ஒன்று. அதே ஏற்பாடு டர்போப்ராப் என்ற, முன்னால் விசிறி சுழலும் சின்ன விமானத்தில் என்பது இரண்டாவது. மூன்றாவது, சாதாரணப் பயணிகள் விமானத்தில் அம்மாவும் குழந்தையும் வர, பக்கத்து சீட்டில் என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) அனுபவமுள்ள நர்ஸ். துபாய்–சென்னைத் தடத்தை வைத்து மூன்றையும் எடை போட்டிருக்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழந்தை வென்டிலேட்டரிலோ சிபாப்பிலோ (மூக்குவழியாக அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் மெஷின்) இருந்து, காத்திருக்கவே முடியாத காரணம் ஒன்றும் இருந்தால் மட்டும் ஜெட். எடை ஏறி, தானாக மூச்சுவிட்டு, பால் குடிக்கத் தொடங்கிவிடும் என்ற நிலையில் இருக்கும் குழந்தைக்கு, அங்கேயே சில வாரம் வைத்திருந்து மூன்றாவது வழியில் கூட்டிவருவதுதான் புத்திசாலித்தனம். பிறந்த முதல் மூன்று நாளில், அதுவும் 28 வாரத்துக்குள் பிறந்த குழந்தையை, ஆட்டி அசைத்துக் கொண்டுவருவது மூளைக்குள் ரத்தக்கசிவை வலிய அழைப்பது. "நாளைக்கே தூக்கிடலாம் சார்" என்று போனில் சொல்லும் கம்பெனியிடம் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கொட்டேஷனில் கொட்டை எழுத்தில் இருப்பது விமானத்தின் பெயர். பறக்கும் நேரம் நாலு மணி என்று போட்டிருப்பார்கள். குழந்தைக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்கே வார்டில் குழந்தையை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நிலைப்படுத்த ஒரு மணிக்கு மேல் ஆகும். அப்புறம் ரோடு, ஏர்போர்ட் சோதனை, ஏற்றுவது, பறப்பது, சென்னையில் இமிகிரேஷன், மறுபடி ரோடு. படுக்கையிலிருந்து படுக்கைக்கு 9, 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன், பேட்டரி, மருந்து எல்லாவற்றையும் இந்த நேரத்துக்குக் கணக்கிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றியாக வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு அரை லிட்டர் ஆக்சிஜன் போகும் குழந்தைக்கு 10 மணி நேரத்துக்கு 300 லிட்டர், இரட்டிப்பாக 600. சின்ன சிலிண்டரே போதும். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் வென்டிலேட்டர் என்றால் 10 மணிக்கு மொத்தம் 4,800 லிட்டர் வாயு. குழந்தைக்கு 30 சதவீத ஆக்சிஜன்தான் தேவை என்றால் அந்த 8 லிட்டரில் சிலிண்டர் ஆக்சிஜன் சுமார் 0.9 லிட்டர், மிச்சம் 7.1 லிட்டர் வெறும் காற்று. அதாவது மணிக்கு 426 லிட்டர் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். ஆக்சிஜன் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், காற்று எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. காற்று தீர்ந்துபோனால் குழந்தைக்குப் போவது முழு ஆக்சிஜன். குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு அது ஆகாது. ஹாமில்டன் டி1 மாதிரி உள்ளேயே டர்பைன் வைத்த வென்டிலேட்டர் கேபின் காற்றை இழுத்துக்கொள்ளும், தனிக் காற்று சிலிண்டர் வேண்டியதில்லை. வென்டிலேட்டர் எந்த மாடல், பச்சிளங்குழந்தைக்கான வசதி அதில் போட்டிருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். "ஐ.சி.யூ. வசதியுடன்" என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை. பெரியவர்களுக்கான மெஷினையும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அடுத்தது அழுத்தம். பயணிகள் விமானத்தின் கேபின் அழுத்தம் 8,000 அடி மலையில் நிற்பதற்குச் சமமாக இறங்கலாம். தரையில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல அது. கூடவே, உடம்புக்குள் அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும். மேலே போனதும் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், குழந்தையின் வயிற்றிலும் அதேதான். அதனால் வாய்வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் போட்டு, அதன் வெளிமுனையை மூடாமல் திறந்தே விட வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், குழாய் போட்டு வெளியேற்றாமல் பறக்கக் கூடாது. குடல் அழற்சி சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடுவதே நல்லது.

இதைச் சமாளிக்கத்தான் 'சீ லெவல் கேபின்' என்று விற்கிறார்கள். பொய்யில்லை, ஆனால் விலை உண்டு. லியர்ஜெட் 45 போன்ற ஜெட், கேபினுக்குள் கடல்மட்ட அழுத்தத்தை வைத்துக்கொண்டு சுமார் 25,000 அடி வரைதான் ஏற முடியும். வழக்கமாக அது 40,000 அடியை ஒட்டிப் பறப்பது. தாழப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், நடுவில் ஒரு நிறுத்தம் தேவைப்படலாம். கிங் ஏர் பி200 டர்போப்ராப்பில் அதே அழுத்தம் வேண்டுமென்றால் 15,000 அடிக்கு மேல் போக முடியாது. மழைக்காலத்தில் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு, எரிபொருள் நிரப்ப இறங்கி ஏறி வர வேண்டும். விலை குறைவு என்பதற்காக வெளிநாட்டுத் தடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். மதுரையிலிருந்து சென்னைக்கு என்றால் அருமையான வண்டி. ஜெட்டோ டர்போப்ராப்போ, எந்த அழுத்தத்தில் பறப்பார்கள், எங்கே நிறுத்துவார்கள் என்ற இரண்டும் கொட்டேஷனில் இருக்க வேண்டும்.

பறக்கும்போது நடப்பதைவிட ஏற்றி இறக்கும்போதுதான் தப்பு அதிகம் நடக்கிறது. வென்டிலேட்டர், மானிட்டர், சிலிண்டரோடு சேர்த்து டிரான்ஸ்போர்ட் இன்குபேட்டர் 100 கிலோவைத் தொடும். சின்ன ஜெட்டின் கதவோ குறுகல். சரிவுப்பலகை வைத்து நாலு பேர் சாய்த்து ஏற்றும்போது ஒரு குழாய் எங்காவது மாட்டினால் போதும். வென்டிலேட்டருக்காக வாய்வழியே போட்டிருக்கும் குழாயின் ஆழத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு, எடை கிலோவில் எவ்வளவோ அதோடு 6. ஒரு கிலோ குழந்தைக்கு உதட்டருகே 7 செ.மீ. குறி நிற்க வேண்டும். அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடும், அல்லது வெளியே வந்துவிடும். தலை குனிந்தால் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலேறும். நல்ல குழு, கிளம்பும் முன் எக்ஸ்ரே எடுத்து, குறியை எழுதி, ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் அந்த எண்ணைப் படித்துப் பார்க்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. துபாயில் ஜூலை மத்தியானம் ஓடுதளத்து வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். மேலே போனதும் நேர்மாறாக, விமானச் சுவரின் குளிர் உடம்புச் சூட்டை இழுக்கும். குழந்தையின் வெப்பம் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். கோடையில் இரவு நேரப் புறப்பாடு, ஆம்புலன்ஸை விமானத்தின் வாசல்வரை கொண்டுவர அனுமதி, இரட்டைச் சுவர் உள்ள இன்குபேட்டர், காதை மூடும் பஞ்சு உறை: இவற்றை நீங்கள் கேட்கும் முன்பே அவர்கள் பேசினால் வேலை தெரிந்தவர்கள் என்று நம்பலாம்.

கம்பெனி யார் என்பதும் முக்கியம். இணையத்தில் விளம்பரம் போடும் பலரிடம் சொந்த விமானம் கிடையாது, இடைத்தரகர்கள். அதுவே குற்றமில்லை. விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள்: வி.டி. என்று தொடங்கினால் இந்தியப் பதிவு, ஏ6 என்றால் அமீரகம். அதை இயக்கும் நிறுவனத்துக்கு வாடகைக்கு ஓட்ட உரிமம் இருக்கிறதா, ஏர் ஆம்புலன்ஸ்களுக்கான யூராமி அல்லது கேம்ட்ஸ் தரச்சான்று உண்டா, வரப்போகும் டாக்டர் பச்சிளங்குழந்தை சிறப்பு மருத்துவரா என்று பாருங்கள். காலி விமானம் வந்துபோகும் செலவு, இரண்டு முனை ஆம்புலன்ஸ், பைலட்டுகள் இரவு தங்கினால் ஆகும் செலவு, கிளம்பும் நேரத்தில் குழந்தைக்கு முடியாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பது, எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

பயணிகள் விமானம் என்றால் மெடிஃப் என்ற மருத்துவத் தகவல் படிவத்தை டாக்டர் நிரப்பி, விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். பிரசவத் தேதி இன்னும் வராத குறைமாதக் குழந்தை பறந்தால் ஆக்சிஜன் கையருகே இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் நுரையீரல் மருத்துவர் அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2011-லேயே சொல்லியிருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், விமான நிறுவனம் தரும் ஆக்சிஜன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர் என்ற அளவில்தான் வரும், குழந்தைக்கு வேண்டியதோ அதில் சொற்பம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்கக் கான்சன்ட்ரேட்டர்கள் பலவும் மூச்சை இழுக்கும்போது மட்டும் விடும் வகை. பிஞ்சு மூச்சு அவற்றுக்குத் தெரியாது. இந்த வழி, ஆக்சிஜனே வேண்டாத, திறந்த தொட்டிலில் சூடு நிற்கிற, இடையிடையே மூச்சு நின்றுபோகாத குழந்தைக்கு மட்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு இதைவிடச் சிறந்த சேவை கிடையாது.

விமானம் தயாராக இருந்தும் பாஸ்போர்ட் இல்லாமல் காத்திருக்க நேரும். அங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்கப் பெற்றோரின் சான்றொப்பமிட்ட திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். அதைக் கையில் வைத்துத்தான் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்க முடியும். அவசரமென்றால் ஒருவழிப் பயணத்துக்கான எமர்ஜென்சி சர்டிஃபிகேட். குழந்தை பிறந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள். ஆஸ்பத்திரி பில் பாக்கி தீராமல் குழந்தையை வெளியே விடுவது கஷ்டம். கையில் இல்லாதவர்கள் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி பற்றி விசாரிக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கண் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்பது இந்திய நடைமுறை. 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் 2, 3 வாரத்திலேயே. இரண்டு நாட்டுக்கு நடுவில் தவறிப்போவது இந்தத் தேதிதான்.

சென்னை என்.ஐ.சி.யூ.வில் குழந்தையை ஒப்படைத்ததும் முதலில் எடுக்கும் வெப்பநிலையும் சர்க்கரை அளவும் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழி நெடுக நர்ஸ் எழுதிவந்த தாளின் நகலையும் வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.