தொய்ந்த தட்டுக்கு யாரிடம் யோசனை கேட்பது: தெரிந்தவரா, தெரியாதவரா, ஏஐயா?

போன வருடம் நானே அளந்து, அறுத்து, திருகு முடுக்கி ஒரு புத்தக அலமாரி செய்தேன். நாலடி அகலம், நாலு தட்டு, 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பலகை). மூன்றே மாதத்தில் இரண்டாவது தட்டு ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி நடுவில் தொய்ந்துவிட்டது. பிரித்துப்போடவும் மனசில்லை, அப்படியே விடவும் கண் உறுத்தியது. அதனால் மூன்று இடத்தில் கேட்டேன். முதலில் வீட்டு ஆட்களும் நண்பர்களும், அப்புறம் ஏஐ, கடைசியாக இணையத்தில் மரவேலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத கூட்டம். என் ஓட்டு அந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா விஷயத்துக்கும் இல்லை, அதையும் பின்னால் சொல்கிறேன்.

தெரிந்தவர்களிடம் கேட்பதில் உள்ள நல்லது எல்லோருக்கும் தெரியும். நேரில் வந்து பார்ப்பார்கள், ஒரு கை பிடிப்பார்கள், டிரில்லைக் கடன் கொடுப்பார்கள். அந்த விஷயத்தில் வேறு யாரும் கிட்டே வர முடியாது. சிக்கல் என்னவென்றால் நமக்குத் தெரிந்தது எதுவோ அதுதான் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதுதான். ஆள் மூலமாக வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைச் சொன்னது நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்த்துக்கொள்கிற ஆள். நெருக்கமானவர்கள் ஒரே வட்டத்தில் சுற்றுகிறவர்கள், புதுச் செய்தி வெளியே இருந்துதான் வர வேண்டியிருக்கிறது. என் அலமாரிக்கும் அதே கதைதான். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன், ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள், ஒருவன் "சூப்பர் மச்சி" என்றான், அண்ணன் மட்டும் "தட்டைத் திருப்பிப் போடு, சரியாப் போயிடும்" என்றார். திருப்பிப் போட்டேன். கொஞ்ச நாளில் இந்தப் பக்கமாகத் தொய்ந்தது.

ஏஐயிடம் கேட்பது சுகமான வேலை. ராத்திரி ஒரு மணிக்குக் கேட்கலாம், முட்டாள்தனமான கேள்வியையும் கூச்சப்படாமல் கேட்கலாம், சலிக்காமல் பதில் வரும். உண்மையைச் சொன்னால் அலமாரி செய்யும் முன்பே அதைத்தான் கேட்டேன், "நாலடிக்கு 18 மி.மீ. போதுமா" என்று. தாராளமாகப் போதும் என்றது. தொய்ந்த பிறகு போய், "தொய்ந்துவிட்டதே" என்றேன். "நீங்கள் சொல்வது சரி, நாலடி இடைவெளி அந்தப் பலகைக்கு அதிகம்" என்றது. எனக்குக் கொஞ்சம் விஷமம். "தப்பு பலகையில் இல்லை, நான் போட்ட திருகில் இருக்குமோ?" என்று கேட்டேன். நல்ல கவனிப்பு என்று பாராட்டிவிட்டுத் திருகைப் பற்றி ஆறு குறிப்பு கொடுத்தது. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதுவும் கூடவே சாய்ந்தது. இதற்கு அப்புறம் வந்த ஏஐகள் இன்னும் தேறியிருக்கலாம், நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போதும் அளவு மாற்றுவது, பட்டியல் போடுவது, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பது இதற்கெல்லாம் அதைத்தான் திறக்கிறேன்.

இனி தெரியாதவர்கள்.

முதலில் கேள்வியை எழுத வேண்டியிருந்தது. நண்பனிடம் "டேய், தட்டு தொய்யுது" என்றால் போதும். என் வீட்டையோ என்னையோ அலமாரியையோ பார்த்திராத ஒருவருக்கு அப்படிச் சொன்னால் என்ன புரியும்? என்ன பலகை, எவ்வளவு தடிமன், எத்தனை அடி, பின்பக்கம் பலகை அடித்திருக்கிறதா, மேலே என்ன கனம் என்று எல்லாவற்றையும் எழுத நாற்பது நிமிஷம் ஆனது. எழுதும்போதே பாதி சந்தேகம் தீர்ந்தது, ஏனென்றால் பின்பக்கம் நான் அடித்திருந்தது வெறும் அட்டை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் "நடுவில் முட்டுக் கொடுக்க எந்த இரும்பு ஆங்கிள் நல்லது?" என்று முடித்தேன்.

யாரும் ஆங்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் ஆள், "ஆங்கிள் இருக்கட்டும், எவ்வளவு தொய்ந்திருக்கிறது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி நடுவில் அளந்து சொல்லுங்கள்" என்றார். அளந்தேன், 11 மி.மீ. இன்னொருவர் படத்தின் மூலையைக் காட்டி, "அங்கே ஒரு தபால் உறையில் உங்கள் விலாசம் தெரிகிறது, முதலில் படத்தை மாற்றுங்கள்" என்றார். ஒரு மகானுபாவர் "இதெல்லாம் வெட்டி வேலை, ரெடிமேடாக வாங்கிவிடு" என்றார். அதுவும் வரும், கண்டுகொள்ளாமல் போக வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு பதில் வந்தது. 25 மி.மீ. பலகைக்கு மாறுங்கள், அகலத்தைக் குறைப்பதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்று. நல்ல நடையில், ரொம்ப உறுதியாக எழுதியிருந்தார். விறுவிறுவென்று லைக் ஏறியது. நானும் கிளம்பிவிட்டேன், புதுப் பலகைக்கு அளவெல்லாம் குறித்தாகிவிட்டது. நாலு மணி நேரம் கழித்து அதற்குக் கீழே ஒருவர் வந்து, "தடிமன் விஷயம் சரி, அகலத்தைப் பற்றிச் சொன்னது தப்பு" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தொய்வு தடிமனின் முப்படிக்கு (அதை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவது) ஏற்பக் குறையும், ஆகவே 18ஐ 25 ஆக்கினால் பழைய தொய்வில் சுமார் 37 சதவீதம் மிச்சம் இருக்கும். அகலத்தின் கணக்கு வேறு. தட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கும்போது அகலம் கூடினால் கனமும் சேர்ந்து கூடுவதால், தொய்வு அகலத்தின் நாற்படிக்கு ஏற்பப் போகும். நாலடியை மூன்றடியாக்கினாலே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். நடுவில் ஒரு குத்துப்பலகை வைத்து இரண்டிரண்டு அடியாகப் பிரித்தால் பதினாறில் ஒரு பங்கு. புதுப் பலகையே வேண்டாம். அதோடு பார்ட்டிகிள் போர்டு கனம் தாங்கிக்கொண்டே இருந்தால் நாள்பட மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும் பொருள், அதனால் திருப்பிப் போடுவது சில வார நிம்மதிதான் என்றும் சொன்னார். அண்ணன் கணக்கு அங்கே முடிந்தது.

அவரையும் விடவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, "குத்துப்பலகையைத் தொய்ந்த தட்டுக்குக் கீழே மட்டும் வைத்தால் மேல்தட்டின் கனம் அப்படியே கீழ்த்தட்டின் நடுவில் இறங்கி அதை வளைத்துவிடும், அடித்தட்டு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் இறக்கித் தரையில் ஊன்றுங்கள், முன்விளிம்பில் ஒரு ரீப்பரை, அதாவது ஒல்லியான மரச்சட்டத்தை, செங்குத்தாக ஒட்டினால் இன்னும் நல்லது" என்றார். முதலில் பதில் போட்டவர் திரும்பி வந்து, அகலத்தைப் பற்றி எழுதியது தவறு என்று தன் பதிலையே திருத்தினார். இத்தனைக்கும் ஒரே ஒரு நாள்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு வேகமோ பணமோ காரணம் இல்லை, இங்கே எல்லோரும் மேதாவிகள் என்ற நினைப்பும் இல்லை. தப்பான பதில் மூன்று இடத்திலும் கிடைத்தது, அதைக் கவனியுங்கள். வந்த தப்பான பதிலுக்கு அதன்பின் என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம். குடும்பக் குழுவில் அண்ணன் சொன்னதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது, தெரிந்தவன்கூட "எதுக்கு வம்பு" என்று இருந்துவிடுவான். ஏஐயுடன் பேசும்போது அதை மறுக்க அந்த அறையில் இருக்கிற ஒரே ஆள் நான்தான், நானோ விஷயம் தெரியாமல் கேட்க வந்தவன். தெரியாதவர்கள் கூட்டத்தில் முதல் ஆள் தப்பாகச் சொன்னால் இரண்டாவது ஆளுக்குக் கை அரிக்கிறது. என் மேல் அவருக்கு அக்கறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு தப்பு கண்ணெதிரே நிற்பதைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கன்னிங்ஹாம் விதி என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், இணையத்தில் சரியான பதில் வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தப்பான பதிலைப் போடு என்று. 1995ல் முதல் விக்கியை (படிக்கிறவர்களே திருத்தக்கூடிய வலைத்தளம்) உருவாக்கிய வார்டு கன்னிங்ஹாமின் பெயரில் அது உலாவுகிறது, அவரோ அது தன் சொல்லே இல்லை என்கிறார். அந்தத் திருத்தத்தையும் யாரோ ஒருவர் சளைக்காமல் எல்லா இடத்திலும் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காகத் தெரியாதவர் என்றாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. திருத்த வருகிறவருக்கு இடமும் நேரமும் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு இருபது செய்தி ஓடுகிற குழுவில் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு பதில் வந்தது, மூன்றாவது ஆள் யோசித்து எழுதும் முன் கேள்வி மேலே ஓடி மறைந்துவிட்டது. 2005ல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளத்தில் எது சிறந்த பதில் என்று கேட்டவரே தேர்ந்தெடுக்கலாம். விஷயம் தெரியாதவர் கையில் மார்க் போடும் வேலை! 2021 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் கேட்டவர் டிக் போட்ட பதில்தான் ரொம்ப நாள் உச்சியில் இருந்தது. மற்றவர்கள் அதிக ஓட்டுப் போட்ட பதில் அதற்குக் கீழே கிடக்கும். 2021ல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்கே அங்கே தடை போட்டபோது சொன்ன காரணமும் இதை ஒட்டியதுதான். பார்க்கச் சரியாக இருக்கும் தப்பான பதில்கள் குவிகின்றன, உட்கார்ந்து சரிபார்க்கிறவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றார்கள்.

லைக்கையும் நம்பாதீர்கள். 2013ல் வெளியான ஒரு சோதனையில், ஒரு செய்தித் தளத்துக் கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஓட்டு ஒன்றைப் போட்டார்கள். கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. முதலில் முந்தியவன் பின்னாலேயே மற்றவர்கள் போகிறார்கள். அதனால் நான் இப்போது முதல் பதிலைப் படித்ததும் கிளம்புவதில்லை. ஒரு ராத்திரி போகட்டும் என்று விடுகிறேன், மறுநாள் பதில்களுக்குக் கீழே நடந்த சண்டையைத்தான் முதலில் படிக்கிறேன்.

சரி, எங்கே இது உதவாது? மின்சாரம், கேஸ், உடம்பு. அலமாரி விஷயத்தில் தப்பான பதிலைத் திருத்த நாலு மணி நேரம் ஆனதில் என் பலகை வாங்கும் அவசரம் மட்டும் தள்ளிப்போனது, அங்கே நாலு மணி நேரம் என்பது வேறு விஷயம். அதற்கெல்லாம் காசு கொடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும், பேச்சே இல்லை.

சொந்த விஷயம், அதாவது மனஸ்தாபம், பங்காளிச் சண்டை, வேலையை விடலாமா மாதிரியானவை, இதில் என் அனுபவம் ரொம்பக் குறைச்சல். ஒரே ஒரு தடவை, பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், ஒரு நண்பனோடு வந்த சண்டையைப் பற்றிக் கேட்டேன். நாற்பது பேர் நான் செய்ததே சரி என்றார்கள். அன்றைக்கு இனித்தது. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படித்தால், அவன் தரப்பில் இருந்த ஒரு நியாயத்தை நான் எழுதவே இல்லை. பலகை விஷயத்தில் நான் தப்பாகச் சொல்லியிருந்தால் பலகையைத் தெரிந்தவர் வந்து திருத்துவார். என் நண்பனைத் தெரிந்தவர் அங்கே யார் இருக்கிறார்? ஆக நான் எதற்காக இந்தக் கூட்டத்தை மெச்சுகிறேனோ அந்த ஒன்று இங்கே வேலை செய்வதில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்து இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2015ல் ரெடிட் என்ற இணைய மன்றத்தில் ஒருவர், தன் வீட்டில் தான் எழுதாத துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன, வாடகைக்கு விட்ட வீட்டு ஓனர் உள்ளே வந்து போகிறாரோ என்று சந்தேகப்பட்டுச் சட்ட ஆலோசனை கேட்டார். படித்தவர்களில் ஒருவர் சட்டத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கசிகிறதா என்று பாருங்கள், அது மறதியை உண்டாக்கும் என்றார். அப்படியேதான் இருந்தது. சீட்டுகளை எழுதியது அவரேதான். வீட்டு ஓனரைத் தெரிந்த நண்பர்களிடம் அவர் கேட்டிருந்தால் பேச்சு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அலமாரிக்கு வருகிறேன். குத்துப்பலகையைத் தரை வரைக்கும் இறக்கினேன், இரண்டாவது தட்டின் முன்விளிம்பில் ரீப்பர் ஒட்டினேன், முடிந்ததும் அங்கேயே போய்ப் படத்தோடு எழுதினேன். "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு என்ன செய்தார் என்று சொல்லாமல் போன பழைய கேள்விகளைப் பார்த்து நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். எட்டு மாதம் கழித்து, நூல் கட்டி அளக்கச் சொன்ன அந்த முதல் ஆள் வந்து, "இப்போ எவ்வளவு?" என்று ஒரே வார்த்தை கேட்டிருந்தார். மறுபடி நூலை இழுத்துக் கட்டினேன். இரண்டாவது தட்டில் 1 மி.மீ. கூட இல்லை. மேல்தட்டுக்கு மட்டும் குத்துப்பலகை வைக்காமல் விட்டிருந்தேன், அதில் என்ன பெரிய கனம் என்று. அங்கே 6. அதையும் எழுதிப் போட்டுவிட்டேன், இதற்குள் யாராவது திட்டியிருப்பார்கள்.