ஷெங்கன் விசா மையத்து பிரீமியம் லவுஞ்ச்: காசுக்குப் பிடித்த கேடு

அம்மாவோடு ஐரோப்பா போக, சென்னையில் தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் மையம் ஒன்றில் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே விசாவுக்கு, கொடுத்தோம். பெயர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அதுவும் கைரேகை எடுத்த பெண்ணுக்காக.

முதல் தலைவலி ஸ்லாட், அதாவது விண்ணப்பம் கொடுக்க மையத்தில் முன்பதிவு செய்யும் நாளும் நேரமும். கோடை விடுமுறை நெருங்கும்போது காலண்டரைத் திறந்தால் ஒரு தேதியும் இருக்காது, கூடுதல் காசு கட்டி உட்காரும் பிரீமியம் லவுஞ்சில் மட்டும் தாராளமாக இருக்கும், அது எப்படி என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. 2024 ஜூனிலிருந்து விசா கட்டணமே பெரியவர்களுக்கு 90 யூரோ. அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம், அப்புறம் லவுஞ்ச், எஸ்எம்எஸ், கூரியர், ஜெராக்ஸ் என்று தனித்தனியாகக் கறப்பார்கள். விசா மறுக்கப்பட்டாலும் ஒரு பைசா திரும்பாது. வேறு வழியில்லாமல் லவுஞ்சுக்கே கட்டினோம். கிடைத்தது ஒரு சோபாவும் ஆறிப்போன காபியும்தான். விசா கொடுக்கவோ மறுக்கவோ இந்த மையத்துக்கு அதிகாரமே கிடையாது, வாங்கி அடுக்கி அனுப்புவதோடு சரி. லவுஞ்சில் கொடுத்த ஃபைலும் வரிசையில் நின்று கொடுத்த ஃபைலும் போய்ச் சேருவது தூதரகத்தின் ஒரே மேசைக்கு.

30,000 யூரோவுக்கான இன்சூரன்ஸ், 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ எல்லாம் சரியாக இருந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாட்டினோம். "சீல் இல்லாம எடுக்க மாட்டோம் சார்." அவர்கள் தளத்தில் இருந்த பட்டியலில் சீல் பற்றி ஒரு வரி கிடையாது. வெயிலில் பேங்குக்கு ஓடி, மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து, சீல் வாங்கி வந்தேன். அடுத்தது இனிஷியல். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பது சென்னையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? கவுண்டரில் ஒருவர் பெயரையே சர்நேம் கட்டத்தில் போடச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் காலியாகவே விடுங்கள் என்றார். முதலில் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு நம்மிடம் சொல்லலாம்.

கைரேகை எடுத்த பெண் மட்டும் விதிவிலக்கு. அம்மாவுடையது காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த விரல்கள், ஸ்கேனர் ஏற்கவே மாட்டேன் என்றது. முகம் சுளிக்காமல் ஈர டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "மெதுவா அழுத்துங்கம்மா, அவசரமே இல்ல" என்று திரும்பத் திரும்ப எடுத்தார். அந்த ரேகை 59 மாதம் செல்லும், அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்பது ஒரு ஆறுதல்.

விசா வந்தது, டிக்கெட் தேதியை ஒட்டி நாள் எண்ணிக் கொடுத்திருந்தார்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், போகிறவர்கள் அப்போதே சாதாரண ஸ்லாட்டைப் பிடித்துவிடுங்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் இருக்கிறது. கார் நிறுத்த இடம் கிடையாது, ஆட்டோவில் போங்கள்.